பழைய பிக்கப் வாங்கும்போது எஞ்சினுக்கு முன் சேசிஸைப் பாருங்கள்

கேள்வி:

மரச்சாமான் பட்டறை நடத்துகிறேன். வாடகை வண்டியை நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. சொந்தமாக ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கலாம் என்றிருக்கிறேன். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும், நடைக்கு 600 முதல் 800 கிலோ வரை ஏற்றுவேன். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது 6 வயது, 90,000 கிலோமீட்டர் ஓடியது, கட்டுமானப் பொருள் ஏற்றிய வண்டி. பின் கமானில் கூடுதல் பட்டை போட்டிருக்கிறார்கள், அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட். எஞ்சின் அமைதியாக ஓடுகிறது. இரண்டாவது 9 வயது, 1,80,000 கிலோமீட்டர். ஒரே உரிமையாளர், சர்வீஸ் பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் மேடு ஏறும்போது கரும்புகை வருகிறது, கிளட்சை விட்டு வண்டி நகரும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கலாம்? வாங்கிய பிறகு வருஷத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், இரண்டாவது வண்டியை முதலில் ராம்ப்பில் ஏற்றிப் பாருங்கள். முதல் வண்டிக்கு அவசரமில்லை.

கிலோமீட்டர் பாதிதானே என்று தோன்றும். காருக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. பிக்கப்புக்கு அது போதாது. மீட்டர் தூரத்தைத்தான் எண்ணும், எடையை எண்ணாது. அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு 90,000 ஓடிய வண்டியின் சேசிஸ் (வண்டி முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டம்), கமான் பட்டை (லோடைத் தாங்கும் வளைந்த ஸ்பிரிங் பட்டை), கிரவுன் (பின் ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரம்), ஹப் பேரிங் எல்லாம், பாதி லோடில் 1,80,000 ஓடிய வண்டியைவிட அதிகம் தேய்ந்திருக்கலாம். கூடுதல் பட்டையை யாரும் அழகுக்குப் போடுவதில்லை. வண்டிக்கு அனுமதித்த எடைக்கு மேல் தொடர்ந்து ஏறியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இரண்டாவது வண்டியின் கோளாறுகள் இரண்டும் வெளியே தெரிகின்றன, சோதித்துக் காரணம் சொல்ல முடியும், பாகம் மாற்றினால் தீரும். முதல் வண்டியின் கோளாறு இருந்தால் அது பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் போர் வேலை (சிலிண்டரைக் கடைந்து புதுப்பிப்பது) பார்த்துத் திரும்ப ஓட்டலாம். அரித்துப்போன சேசிஸுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. ஒட்டு வெல்டிங் போட்டுத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். சேசிஸ் துரு பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான டொயோட்டா டகோமா பிக்கப்களின் சேசிஸ் அரித்துப் போனது வழக்காகி, வண்டிகளைப் பரிசோதித்துத் தேவையானவற்றுக்குச் சேசிஸையே மாற்றித் தர நிறுவனம் 2016இல் ஒப்புக்கொண்டது. அந்த வண்டிகளின் எஞ்சின்களுக்கு நல்ல பெயர்தான்.

அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை

கம்பி பிரஷ், நல்ல டார்ச், ஒரு தட்டை ஸ்க்ரூ டிரைவர், சின்னச் சுத்தியல், அளவு நாடா. இவை போதும். பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம், கமான் பட்டையைச் சேசிஸோடு மாட்டும் ஹேங்கர் பொருத்திய இடம், கேபினுக்குப் பின்னால் லோடு பாடி தொடங்கும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், ஸ்டீரிங் பாக்ஸ் பூட்டிய இடம் ஆகியவற்றைத் துலக்கிப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மந்தமாகக் கேட்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்துங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடலாம். மேலோட்டமான பழுப்புத் துருவுக்குப் பயப்பட வேண்டாம், அது எல்லா வண்டியிலும் உண்டு.

விரிசல் பெரும்பாலும் துளை ஓரத்திலிருந்துதான் கிளம்பும். போல்ட் துளையிலிருந்து சாய்வாக மயிரிழைபோல ஓடும் கோட்டைத் தேடுங்கள். பெயிண்ட் அடித்திருந்தால் அந்தக் கோடு மறைந்திருக்கும். ஆனால் சில மாதம் ஓடிய பெயிண்ட் என்றால் அதே கோட்டில் பெயிண்டும் வெடித்துத் துரு கசிந்திருக்கும். கம்பெனி ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருக்கிறதா, சீரில்லாத வெல்டிங் திட்டு இருக்கிறதா, தகடு வைத்து மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். புதுக் கறுப்புப் பெயிண்ட் அடித்த இடத்தில் கம்பி பிரஷ் போட விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், உங்களுக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

சக்கரங்களை நேராக வைத்து, முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சேசிஸ் வளைந்திருக்கலாம், அல்லது கமான் பட்டையின் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம். இப்படிப்பட்ட வண்டி நேர் ரோட்டில் நண்டு போலச் சற்றுச் சாய்ந்து ஓடும், பின்னால் இன்னொரு வண்டியில் வருபவருக்கு அது தெரியும். கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தாலும் காரணம் கேளுங்கள்.

கூடுதல் பட்டை பிரேக்கைக் கெடுக்கும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. சேசிஸில் வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி பின் ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி நகரும், லோடுக்குத் தக்கபடி பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கிடைக்கும். லோடு இல்லாதபோது பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளாமல் அழுத்தம் குறையும்.

கூடுதல் பட்டை போட்டால் லோடு ஏற்றினாலும் சேசிஸ் அவ்வளவாகத் தாழாது. வால்வு, வண்டி காலியாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். எடையின் பெரும்பகுதியை முன் பிரேக்கே பிடிக்க வேண்டியிருக்கும். பேட் சீக்கிரம் தீரும், டிஸ்க் சூடாகி வளையும், இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். பட்டை போட்ட பிறகு அந்த வால்வைச் செட்டிங் செய்தவர்கள் குறைவு. கம்பியைக் கழற்றிவிட்டவர்களும், ஒரேயடியாக மேலே தூக்கிக் கட்டியவர்களும் உண்டு. எந்த வண்டியை வாங்கினாலும் அந்தக் கம்பி இருக்கிறதா, இரு முனையும் பூட்டியிருக்கிறதா, வால்வின் நெம்பு கையால் அசைகிறதா, துருப்பிடித்து இறுகிவிட்டதா என்று பாருங்கள்.

பட்டையால் வேறு பாதிப்பும் உண்டு. வளைந்து கொடுக்க வேண்டிய பட்டை வளையாதபோது அந்த அடி ஹேங்கருக்கும் சேசிஸுக்கும் போகிறது. பின்பக்கம் உயர்ந்துவிடுவதால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் மூட்டான கிராஸ் தேய்கிறது. ஒருவேளை முதல் வண்டியையே வாங்க நேர்ந்தால், கூடுதல் பட்டையைக் கழற்றி, கம்பெனி அளவுப் பட்டைக்கு மாற்றும் செலவையும் விலையில் பேசிக் குறையுங்கள். அப்படி மாற்றும்போது, பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டைப் பழையதே போடக் கூடாது. ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி அதே பிடி பிடிக்காது. புதிய போல்ட்டை வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும் நிலையில், குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். 500 முதல் 1,000 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பல வண்டிகளில் சென்டர் போல்ட் வெட்டுப்படுகிறது.

உங்கள் தேவைக்குக் கூடுதல் பட்டையே வேண்டாம். கதவோரத் தகட்டில் அனுமதித்த மொத்த எடை இருக்கும். அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய அளவு கிடைக்கும். ஓட்டுநர், உடன் வருபவர் எடையும் அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 800 கிலோ சரக்கும் இரண்டு ஆளும் அந்த அளவுக்குள் வராத வண்டியாக இருந்தால், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் அது உங்களுக்கான வண்டி அல்ல.

'டக்' சத்தம்

கிளட்சை விடும்போது வரும் ஒற்றைச் சத்தம் என்றால் முதல் சந்தேகம் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கீழே போய் கிராஸின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தால் கிராஸ் போய்விட்டது. மூடிகளைச் சுற்றிச் செந்நிறத் தூள் ஒட்டியிருந்தாலும் அதே அர்த்தம், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது. ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங் இருக்கும். அதன் ரப்பர் கிழிந்திருந்தால் வண்டி நகரத் தொடங்கும்போது உடம்பே அதிரும், வேகம் கூடினால் அடங்கும். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால் அது ஷாஃப்ட் பேலன்ஸ்.

வண்டி நிற்கும் தருணத்தில் 'டக்' வந்தால் ஷாஃப்ட்டின் நீளும் பல் பகுதி காய்ந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் போட்டாலே பெரும்பாலும் தீரும். கிராஸும் பேரிங்கும் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் எஞ்சின் மவுண்டிங், கமான் ஷாக்கிள் புஷ், தளர்ந்த யூ போல்ட், கடைசியில் கிரவுன்-பினியன் இடைவெளி என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள்.

கிராஸ் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றும்முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் அடையாளம் போட வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்காது, பாகம் புதிதாக இருந்தும் வண்டி அதிரும். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் நான்கு மூடியிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும்.

கிரவுனை ஓட்டித்தான் சோதிக்க முடியும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு ஊளை, விடும்போது வேறு ஊளை என்றால் கிரவுன்-பினியன் அல்லது பினியன் பேரிங். திரும்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளேயுள்ள ஸ்டார் பினியன். ஆயில் லெவல் பிளக்கைக் கழற்றி விரலால் தொட்டுப் பாருங்கள். பளபளக்கும் மெல்லிய பசை இயல்பானது, கைக்குத் தட்டுப்படும் இரும்புத் துணுக்கு ஆபத்து. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் ஈரம் இருந்தால் ஆக்சில் ஆயில் சீல் போயிருக்கிறது, பிரேக் லைனரும் நனைந்திருக்கும். சீலை மாற்றும்முன் ஆக்சில் ஹவுசிங் மேலுள்ள பிரீதர் என்ற காற்றுத் துளையைப் பார்க்கச் சொல்லுங்கள். அது சேற்றில் அடைபட்டிருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எந்தப் புது சீலையும் தள்ளிவிடும். ஆயில் நனைந்த லைனரைத் துடைத்துப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

கரும்புகை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மாடலில் சைலன்சர் பாதையில் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டி உண்டா? இருந்தால், அது நல்ல நிலையில் உள்ளவரை கண்ணுக்குத் தெரியும் கரும்புகை வராது. டிபிஎஃப் உள்ள வண்டி கரும்புகை விடுகிறது என்றால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே குடைந்து எடுத்துவிட்டார்கள். அப்படி எடுத்த வண்டி புகைச் சோதனையில் சிக்கும், திரும்பப் பொருத்துவது பெரும் செலவு. அப்போது என் ஆலோசனை முற்றிலும் மாறும், விட்டுவிடுங்கள்.

டிபிஎஃப் இல்லாத பழைய மாடல் என்றால், முழு லோடில் மேடு ஏறும்போது ஒரு கணம் மங்கலாகப் புகைவது பெரிய விஷயமில்லை. ஏறி முடியும் வரை கரியாகக் கொட்டினால்தான் கோளாறு. கரும்புகைக்கு அடிப்படைக் காரணம் ஒன்றே, டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஆகவே செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து, காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும், சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், லோடில் மட்டும் 'ஸ்ஸ்' என்று கேட்கும். இழுவைக் குறைவும் கரும்புகையும் சேர்ந்து வரும் வண்டிகளில் பல இந்தக் குழாயோடு முடிந்துவிடும். அதுவும் சரி என்றால் இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது) கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா என்று பாருங்கள்.

அதன்பிறகுதான் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) லீக்-ஆஃப் சோதனை எளிது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு எஞ்சினை மூன்று நிமிடம் ஐட்லிங்கில் ஓட்ட வேண்டும். நான்கு பாட்டிலிலும் அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் ரிட்டர்ன் பக்கத்தில் பழுதில்லை. ஒன்றில் மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு சேர்ந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. மாற்றும்போது அதன் குறியீட்டு எண்ணை எஞ்சின் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், அடியிலுள்ள செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். இன்ஜெக்டர் அடியைச் சுற்றித் தார்போலக் கரி படிந்து 'சப் சப்' என்று காற்று தள்ளினால் கோளாறு அந்த வாஷரில்தான்.

டர்போவை எஞ்சின் ஆறிய பிறகு, காற்றுக் குழாயைக் கழற்றிக் கையால் பாருங்கள். சக்கரம் பக்கவாட்டில் இம்மியளவு ஆடுவது இயல்பு. உள்ளே வெளியே தள்ளினால் அசைவு தெரிந்தாலோ, இறக்கை நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ தீர்ந்துவிட்டது.

எஞ்சினின் மற்ற சோதனைகள்

வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் போங்கள். முதல் வண்டியின் 'அமைதியான' எஞ்சினுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும்.

குளிர்ந்த எஞ்சின் எழுப்பியதும் சில நொடி வெள்ளைப்புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. டீசல் நெடியோடு நீண்ட நேரம் நின்றால் குளோ பிளக் (குளிரில் எழுப்பச் சூடேற்றுவது), இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன் குறைவு. இனிப்பு வாசனை என்றால் கூலண்ட் உள்ளே எரிகிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது, அது டர்போ சீலிலிருந்தோ வால்வு சீலிலிருந்தோ பிஸ்டன் ரிங்கிலிருந்தோ வரலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதன்மேலேயே வையுங்கள். லேசாக ஆடுவது டீசல் எஞ்சினுக்கு வழக்கம். எகிறி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பிரீதர் குழாய் அடைப்பைச் சரிபார்த்து, கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது டெம்பரேச்சர் முள் மேலேயே வராமல் கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள். சூடேறும் கோளாறை மறைக்க, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது ஊரறிந்த வழக்கம். ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் வெறும் துருத் தண்ணீர் இருந்தாலும் எச்சரிக்கைதான். குளிர்ந்த எஞ்சினை ஓட்டிய ஒன்றிரண்டு நிமிடத்திலேயே ரேடியேட்டர் குழாய் கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கட் வழியாகச் சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் நுழைகிறது.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் என்றால் மாற்றிய பில் கையில் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ட், டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப் நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட் வேலை வந்துவிடும். செயின் என்றால் குளிரில் எழுப்பும்போது கேட்கும் கலகல சத்தத்தைக் கவனியுங்கள்.

கிளட்சுக்கு ஒரு நிமிடச் சோதனை: ஹேண்ட் பிரேக் போட்டு, நான்காம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. பெடலை மிதிக்கும்போது வரும் சத்தம் ரிலீஸ் பேரிங், மிதித்தால் நின்று, பெடலை விட்டதும் வருவது கியர்பாக்ஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்கும் கூலி பெரிது. அதனால் கிளட்ச் மாற்றும் நாளில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின் ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே வேலையாக முடித்துவிடுங்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் ஹப் பேரிங்கா பால் ஜாயிண்டா என்று அறிய, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். பக்கவாட்டு ஆட்டம் ஸ்டீரிங் ராடுகளைக் காட்டும்.

மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்ற சந்தேகத்துக்கு பெடல் ரப்பர், ஸ்டீரிங், சீட் ஓரம் ஆகியவற்றின் தேய்மானமே முதல் துப்பு. ஸ்கேனர் போட்டால் பல வண்டிகளில் வேறு கம்ப்யூட்டர்களில் பதிந்த கிலோமீட்டரும் கிடைக்கும். முதல் வண்டிக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வருஷச் செலவைக் கணக்கிடுவது

தேயும் ஒவ்வொரு பொருளுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள்: அதன் விலையும் கூலியும் சேர்ந்த தொகையை, அது தாங்கும் கிலோமீட்டரால் வகுத்து, உங்கள் வருஷ ஓட்டத்தால் பெருக்குங்கள். உங்கள் ஓட்டம் மாதம் 1,200, அதாவது வருஷம் 14,400 கிலோமீட்டர். நான்கு டயர் 48,000 கிலோமீட்டர் தாங்கினால், டயர் செட் விலையில் 30 சதவீதம் வருஷச் செலவு. கிளட்ச் செட் 1,00,000 தாங்கினால் அதன் விலையில் ஏழில் ஒரு பங்கு. பேட்டரி நான்கு வருஷம் என்றால் கால் பங்கு. எஞ்சின் ஆயில் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, கொள்ளளவு 7 லிட்டர் என்றால் வருஷத்துக்குச் சுமார் 10 லிட்டரும் அதற்கான ஃபில்டரும். பிரேக் பேட், லைனர், டைமிங் பெல்ட், டீசல் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

டீசல்தான் பெரிய செலவு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் வருஷம் 1,200 லிட்டர். 10 மட்டும் கொடுத்தால் 1,440 லிட்டர். கரும்புகை விடும் வண்டி இந்த 240 லிட்டரைச் சும்மா புகையாக்குகிறது. ஆகவே குழாய், இஜிஆர், இன்ஜெக்டர் வேலையைத் தள்ளிப்போடுவதில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இவற்றோடு காப்பீடு, வரி, தகுதிச் சான்று. சரக்கு ஏற்றும் தொழிலுக்கு ஓட்டுவதைக் காப்பீட்டில் அப்படியே சொல்லுங்கள். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு லோடில் விபத்து நடந்தால் இழப்பீடு கைக்கு வராமல் போகலாம். வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை வண்டி எடுக்கும் செலவையும் விட்டுவிடாதீர்கள், வருஷத்துக்கு ஏழெட்டு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கூட்டி 14,400ஆல் வகுத்தால் கிலோமீட்டர் செலவு வரும். அதை இப்போது நீங்கள் கொடுக்கும் வாடகையோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அற்பமாக இருந்தால், அவசரப்பட்டுச் சொந்த வண்டி வாங்கத் தேவையில்லை.

இது வழக்கமான ஓட்டச் செலவு. வாங்கியதும் முதல் மாதத்தில் விழும் செலவு தனி. பில் இருந்தாலும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். கிரவுனுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 என்ற தர ஆயில். கியர்பாக்ஸுக்குக் கையேட்டில் உள்ளதை மட்டும் ஊற்றுங்கள், ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் சில வகைப் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் (கியர் சுலபமாக விழ உதவுபவை) கெடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயரில் 800 கிலோ ஏற்றாதீர்கள். கார் டயர் மாட்டியிருந்தால் லோடு டயருக்கு மாற்றும் செலவையும் சேருங்கள். இவை போக, வண்டி விலையில் 15 முதல் 20 சதவீதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்தால் முதல் பழுதிலேயே வண்டி நின்றுவிடும்.

இரண்டாவது வண்டிக்கு என் நிபந்தனைகள் இவை. சேசிஸ் சுத்தமாக இருக்க வேண்டும். டிபிஎஃப் பிரச்சினை இருக்கக் கூடாது. கூலண்டில் எரிந்த வாயு கலக்கக் கூடாது. டைமிங் பெல்ட் பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தச் செலவு விலையில் குறைய வேண்டும். லீக்-ஆஃப் சோதனையில் ஒரு இன்ஜெக்டர் தோற்றால் விலை பேசி வாங்கலாம், மூன்று நான்கு தோற்றால் ஹை பிரஷர் பம்ப்பும் சந்தேகத்துக்குள் வரும். அப்போது டீசல் டேங்க்கில் இரும்புத் தூள் இருக்கிறதா என்று ஃபில்டரை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தூள் இருந்தால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், டேங்க் கழுவுதல் எல்லாம் சேர்ந்து வரும், அந்த வண்டி வேண்டாம்.

பரிசோதனைக்கு விற்பவர் சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். உங்கள் ஆளிடம் கூலி கொடுத்துக் காட்டுங்கள். கடைசி அரை மணி நேரம், விற்பவர் சம்மதத்தோடு உங்கள் பட்டறையிலிருந்தே 500 கிலோ ஏற்றி, ஒரு மேடும் ஒரு இறக்கமும் உள்ள ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் கிராஸ், கிளட்ச், டர்போ குழாய், பின் பிரேக் எதன் குறையும் முழுசாக வெளிவராது. இரண்டுமே தேறவில்லை என்றால் மூன்றாவது வண்டி தேடுங்கள், அதுவரை வாடகைக்குக் கொடுப்பது நஷ்டமல்ல.